முப்பத்தொன்பது வரிசைக் கல்

ப்ராச் தீவின் பொட்ஸ்டினா ஊரில் குஸ்மா பாதியில் விட்டுப்போன வீடு, ஆண்டுக்கு ஒரு வரிசைக் கல் வீதம் முப்பத்தொன்பது ஆண்டுகள் தானாக வளர்ந்தது. திராட்சைக் கொடிகளைப் பூச்சி தின்று தீர்த்த மறுவருடம், சன்னல் மட்டம் வரை சுவர் எழுப்பியிருந்த குஸ்மா, இரண்டே ஆண்டில் திரும்பி வந்து கூரை போடுவதாக மனைவி பெரினாவிடம் சொல்லிவிட்டுச் சிலிக்குக் கப்பலேறினான். அந்த ஆண்டு ஒலிவக்காய் பறித்து முடித்த வாரத்தில், ஒரு காலையில், நான்கு சுவர்கள் மீதும் புதிய வரிசை இருந்தது. செதுக்கியது அவன் கைதான். அவனுடைய பல்லுளியில் ஒரு பல் ஒடிந்திருந்ததால், அவன் கொத்திய கல்லில் மட்டும் ஒரு மெல்லிய மேடு ஓடும். ஊரார் அதைத் தடவிப் பார்த்து, ஆள் நலம் என்று சொல்லிவிட்டு எண்ணெய் ஆட்டப் போனார்கள். கடிதத்துக்குக் காத்திருந்த மற்ற மனைவிகள் பெரினாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

அவளுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. பிறகு எதுவும் இல்லை. கல் மட்டும் தவறவில்லை. வளர்கிற சுவரின்மேல் கூரை போட எந்தக் கொத்தனும் சம்மதிக்காததால், அவள் பக்கத்திலிருந்த சமையல் கொட்டகையிலேயே வாழ்ந்தாள். மழைநீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு பூச வந்த ஸ்டிபான், மனைவியை இழந்த சுண்ணாம்புச் சூளைக்காரன், அதிகம் பேசாதவன். பூச்சு மூன்று நாளில் முடிந்தது. அவன் வருவது முடியவில்லை. ஞாயிறுதோறும் அவன் வாசற்படிக்கு வெளியேயும் அவள் உள்ளேயும் உட்கார்ந்து ஒரே கூடையிலிருந்து அவரைக்காய் உரித்தார்கள். பதினேழாம் வரிசை வந்த ஆண்டில் பெரினா பாதிரியார் டொன் ஃபிரானேயிடம் போனாள்.

"சாமி, அவரு செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துருங்க. நான் ஸ்டிபானக் கட்டிக்கணும்."

"ஏம்மா, போன வாரந்தானே ஒரு வரிசை வெச்சிருக்கான்? செத்தவன் கல்லு கொத்துவானா?"

"உசுரோட இருக்கறவரு ஒரு கடுதாசி போடக்கூடாதா, சாமி?"

"அத நான் யார்கிட்டம்மா போய்க் கேக்க?" என்றார்.

அன்று மாலை ஸ்டிபான் கடப்பாறையோடு ஏறி, அந்த வரிசையைப் பெயர்த்து, ஒவ்வொரு கல்லாகக் கடலில் எறிந்தான். விடிந்தபோது கற்கள் தம் இடத்தில் இருந்தன, பாசியும் ஈரமுமாக. ஒரு கல்லில் நண்டு ஊர்ந்தது. "என்ன ஸ்டிபானு, குளிப்பாட்டி அனுப்புனியா?" என்று துறையில் கேலி பேசினார்கள். அவன் மறுபடி முயலவில்லை. இரண்டு போர்கள் வந்து போயின, ஊர்மன்றத்தில் கொடி மூன்று முறை மாறியது, அவரைக்காய் உரிப்பது நடந்தது. முப்பத்தைந்தாம் ஆண்டு, சுட்ட சுண்ணாம்பு ஏற்றிப் போன ஸ்டிபானின் படகில் வாடைக்காற்று கடல்நீரை அடித்தது. சுண்ணாம்பு கொதித்து, நடுக்கடலில் படகு எரிந்தது. அடக்கத்தின்போது பெரினா கடைசி வரிசையில், சிவப்புத் தலைத்துணியோடு நின்றாள். புருஷன் உயிரோடிருக்கும் பெண் கறுப்பு உடுத்தினால் அது அவனைக் கொல்லும் என்பது ஊர் நம்பிக்கை. அவள் அழவும் இல்லை. யாரை நினைத்து என்று கேட்பார்கள்.

நாற்பதாம் ஆண்டு ஒலிவ பறிப்பு முடிந்தது. சுவர் வளரவில்லை. ஊர் ஒரு வாரம் பார்த்தது. பிறகு, இதற்குள் கிழவராகிவிட்ட டொன் ஃபிரானே வந்து, இரண்டு முறை எண்ணி, முப்பத்தொன்பதுதான் என்று சொல்லி, குஸ்மாவின் பெயரை இறந்தவர் ஏட்டில் எழுதினார்.

பெரினா அன்றே கறுப்பு உடுத்தினாள். அன்று தொடங்கி மூன்று நாள், நங்கூரமிட்ட படகுகள் வரை கேட்கும்படி அழுதாள். பக்கத்து வீட்டு மாரேயும் அவள் மருமகளும் வந்து உட்கார்ந்தார்கள்.

"நாப்பது வருசமா மூஞ்சியக் காட்டாத புருசனுக்கா அத்த, இம்புட்டு அழுகை?" என்றாள் மருமகள்.

"வாய மூடிக்கிட்டு நீயும் அழுடி" என்றாள் மாரே.

நான்காம் நாள் கொத்தர்கள் வந்து, சுவர் நின்ற உயரத்திலேயே கல்பலகைக் கூரை போட்டார்கள். அது பொருத்தமாக உட்கார்ந்தது.