வெர்னாவின் எட்டு விநாடி

சீசன் டிக்கெட் எடுத்துவிட்டு, பாதியில் ஆட்டத்துக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களுக்கு எங்கள் கூடைப்பந்து அணி அலுவலகம் ஒரு படிவம் அனுப்பும். ஏன் வரவில்லை என்று கேட்டு ஆறு கட்டங்கள் இருக்கும். அணி தோற்கிறது, வண்டி நிறுத்த இடமில்லை, டிவியிலேயே நன்றாகத் தெரிகிறது, குளிர், வேலை, வேறு காரணம். வெர்னா சாபோ அதில் எதையும் தொடாமல் வெறும் தாளாகத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"ஒன்பது ஆட்டம் வரிசையா தோத்திருக்கோம். இதுக்குக் காரணம் வேற வேணுமா?" என்றார்கள் அலுவலகத்தில்.

எனக்கு அது ஒட்டவில்லை. சவுத் பெண்ட் ஹெரான்ஸ் அணியின் அரங்கத்தில் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். என் மேடையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே பன்னிரண்டாம் பிரிவு, ஆறாவது வரிசை, ஓர இருக்கை. இருபத்திரண்டு வருடமாக அது வெர்னாவுடையது. வருடம் முழுக்கத் தோற்ற அணிக்கும் தொண்டை கட்டக் கத்தியவள்.

அவளுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்ப் பத்து வருடமாகிறது. ஓரத்தில் நிறமும் அசைவும் தெரியும், பந்து தெரியாது. அதனால் ஒரு சின்ன ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு வருவாள். முப்பதடி தள்ளி உட்கார்ந்து வர்ணனையாளர் மெர்ல் கிரேபில் சொல்லும் வர்ணனை வானொலி நிலையம் போய், கோபுரம் ஏறி, திரும்பி அவள் காதுக்கு வரும். ரேடியோ அலை அவ்வளவு வேகம் என்பதால் இந்தச் சுற்றுப்பயணம் கணக்கிலேயே வராது. மெர்ல் வாயைத் திறந்ததும் அவளுக்குக் கேட்டுவிடும்.

சனிக்கிழமை காலை பனியைத் தள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பாப்பி விதை ரொட்டியை வெட்டி வைத்தாள்.

"முழங்கால் வலி," என்றாள்.

"போன வருஷம் கட்டுப் போட்ட காலோட வந்தீங்க."

"அப்ப குளிர்னு வெச்சுக்கோ."

"வெர்னா, நான் அலுவலகத்து ஆள் இல்ல. அந்த இருக்கை காலியா இருந்தா எனக்கு வேலையே ஓடல."

கத்தியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் மேசைத்துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத, லைல். எனக்கு மூளை மெதுவாயிடுச்சு. எல்லாரும் எழுந்து கத்தறாங்க, எதுக்குன்னு எனக்குப் புரியல. அப்புறமாதான் புரியுது. நான் கை தட்டும்போது எதிரணிக்காரன் பந்தை எடுத்துட்டுப் போயிட்டிருக்கான். முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்க்கறான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகு அவ சிரிப்பா."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா அவர் சொல்லிடுவாரே."

என் ஒலிக்காரன் புத்தி ஒரு கேள்வியைத் தள்ளிவிட்டது. "வீட்ல ரேடியோல ஆட்டம் கேட்கும்போது?"

"வீட்ல சரியாத்தான் இருக்கு. கூட்டத்துக்குள்ளதான் தடுமாறுது."

"எப்பலருந்து?"

"கிறிஸ்துமஸ் சமயத்துல."

அந்த வார்த்தையில் எனக்கு விஷயம் பிடிபட்டது. டிசம்பர் நடுவில், நடுவர் தந்த ஒரு தீர்ப்பு பிடிக்காமல், மெர்லின் பின்னால் இருந்த ஒருவன் அவர் மைக்குக்குள்ளேயே கெட்ட வார்த்தையை இறக்கினான். வீடு வீடாக அது கேட்டது. வானொலி நிலையம் ஒரு பெட்டியைக் கொடுத்து மாட்டச் சொன்னது. நீளக் குழாயில் இந்த முனையில் விட்ட தண்ணீர் அந்த முனைக்கு வர நேரமாகும் அல்லவா, அதுபோல, உள்ளே போன பேச்சைத் தேக்கிவைத்து எட்டு விநாடி கழித்து வெளியே விடும். அந்த எட்டு விநாடிக்குள் மெர்ல் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கெட்ட வார்த்தை குழாயிலேயே செத்துவிடும். வீட்டில் கேட்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அரங்கத்துக்குள் ரேடியோவை நம்பி உட்கார்ந்திருப்பவளுக்கு, கூடைப்பந்தில் எட்டு விநாடி என்பது ஒரு யுகம். பந்தை எறிந்து, தவறி, எதிரணி பிடித்து, மறுமுனைக்கு ஓடிப் புள்ளியும் எடுத்துவிடலாம்.

வாயால் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைப்பாள். அதே பெட்டியை வைத்துச் சனிக்கிழமை மதியம் மெர்ல் நேயர்களுடன் தொலைபேசியில் பேசுவார். பன்னிரண்டு அடித்ததும் நிலையத்தின் எண்ணைப் போட்டுத் தொலைபேசியை அவள் கையில் கொடுத்தேன். அவளுடைய ரேடியோவை மேசைமேல் வைத்து முடுக்கினேன்.

"நான் எதுக்கு அவன்கிட்ட பேசணும்?"

"சும்மா பேசுங்க. ஒரு காதுல போன். இன்னொரு காது ரேடியோல இருக்கட்டும்."

"அடுத்த நேயர் யாரு?" என்றார் மெர்ல், தொலைபேசியில்.

"வெர்னா."

"பன்னிரண்டாம் பிரிவு வெர்னாவா? எங்கே போனீங்கம்மா? நடுவரைத் திட்ட ஆளே இல்லாம அரங்கம் சர்ச் மாதிரி இருக்கு."

வெர்னா கையை உயர்த்தி என்னைப் பேசாமலிருக்கச் சொன்னாள். ரேடியோவில் மெர்ல் முந்தைய நேயருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகுதான், "அடுத்த நேயர் யாரு?" என்றார். பிறகு ரேடியோவிலிருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்டது: "வெர்னா."

"ரேடியோவைக் குறைங்க, எதிரொலிக்குது," என்றார் மெர்ல் தொலைபேசியில்.

வெர்னா ரேடியோவைக் குறைக்கவில்லை. பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் ஓட்டுநர்களை மேய்த்தபோது கற்ற ஒரு வார்த்தையை, நிதானமாக, தொலைபேசிக்குள் சொன்னாள். மெர்ல் இருமினார். நாங்கள் காத்திருந்தோம். அந்த வார்த்தை வரவேண்டிய இடத்தில் ரேடியோ ஒரு கணம் ஊமையானது.

தொலைபேசியை வைத்துவிட்டு நெற்றியை மேசையில் சாய்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"இந்தச் சனியனை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"அஞ்சு வாரம், லைல். காலைல எழுந்ததும் மாநிலத் தலைநகர் பேரெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லிப் பார்த்துக்குவேன்."

"மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறதெல்லாம் அப்புறம். ரொட்டியை வீணாக்காம தின்னு. எப்ப சரி பண்ணுவ?"

சரிசெய்வது எளிது. மெர்லின் மைக்கிலிருந்து வரும் வயரை, அந்தப் பெட்டிக்குள் போகும் முன்பே இரண்டாகப் பிரித்தேன். ஒரு கிளை நிலையத்துக்கு. இன்னொன்று, அரங்கத்துக்குள் மட்டும் எட்டும் ஒரு குட்டி ஒலிபரப்பிக்கு. கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியதும் பதினோரு பேர் அதைக் கேட்பதற்கான காதுக்கருவி வேண்டும் என்று வந்தார்கள். அவர்களில் இருவர் தங்களுக்குக் காதுதான் போய்விட்டது என்று வீட்டில் இருந்துவிட்டவர்கள். படிவத்தில் அதற்கும் கட்டம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில், மைக்குகளை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் பிரிவுப் படியில் போய் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் வெர்னா கை தட்டவே இல்லை. மெர்ல் சொல்வதையும் கூட்டம் கத்துவதையும் ஒப்பிட்டுக்கொண்டு, விரல்களை மடியில் தட்டியபடி இருந்தாள். இரண்டும் சேர்ந்தே வந்தன.

நான் யோசிக்காத ஒன்று பிறகு நடந்தது. மெர்ல் அனுபவத்தில் பழுத்த ஆள். பந்து விரலை விட்டதுமே, எறிகிறவன் முழங்கையைப் பார்த்து, அது விழுமா தவறுமா என்று சொல்லிவிடுவார். எங்கள் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து எறிந்தான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபோது வெர்னா மட்டும், "அட போடா," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கைக்காரர் ஆரின், பாப்கார்ன் கையோடு திரும்பினார். "பந்து இன்னும் மேலதானே இருக்கு?"

பந்து வளையத்தில் இடித்து வெளியே விழுந்தது.

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"முழங்கை வெளிய போச்சே," என்றாள் வெர்னா. "நீங்க பார்க்கலையா?"