ஈரல் வறுவலும் எட்டு புள்ளி ஆறும்

விருத்தகிரி பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் பட்டறை வைத்திருந்தார். சூளைச் சூட்டுக்கே அசராத மனுஷன், போன மாதம் கால் கட்டைவிரலில் போர்வை உரசியதற்கு ஊரைக் கூட்டிவிட்டார். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஏழுக்குள் இருக்க வேண்டிய யூரிக் ஆசிட் எட்டு புள்ளி ஆறு என்றார். அதோடு விட்டாரா? இடுப்பை டேப் வைத்து அளந்தார், பிரஷர் பார்த்தார், சர்க்கரையும் பார்த்தார்.

"இது பெரும்பாலும் தனியா வராதுங்க. தொப்பை, பிரஷர், கொழுப்புன்னு கூட்டாளிங்களோடதான் சுத்தும். உங்களுக்குச் சர்க்கரையும் வாசப்படி வரைக்கும் வந்து நிக்குது. ஈரலு, குடலு, கலரு சோடா, பீரு எதையும் தொடாதீங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இதை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது மனைவி கனகாவின் உத்தரவு. மகள் ஜெயஸ்ரீக்கு வரன் கூடிவரும் நேரம். பையன் திருமால், பீங்கான் பாலிடெக்னிக்கில் அவளோடு படித்தவன். இருவருக்கும் பிடித்துப்போய், வேப்பூரிலிருந்து அவன் வீட்டாரும் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவருக்கு வியாதி என்று தெரிந்தால், பரம்பரையாக வருமோ என்று இழுப்பார்கள் அல்லவா?

இனி பாக்கி, பையன் வீட்டில் போய்க் கை நனைப்பதுதான். சம்மதம் என்றால் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

வேப்பூரில் திருமாலின் அப்பா ராஜமாணிக்கம் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இலை போட்டார்கள். குடல் குழம்பு, ஈரல் வறுவல், அடேயப்பா, என்ன வாசனை! விருத்தகிரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கட்டைவிரலோ பயத்தில் சுருண்டுகொண்டது. நீட்டிய கை இலைக்கு மேலேயே நின்றுவிட, கனகா முழங்கையால் இடித்தாள்.

பரிமாறிய செல்வநாயகி, பையனின் அம்மா, முகம் சுண்டிப்போனாள்.

"என்னங்க, எங்க வூட்டுச் சோத்துல கை வைக்க யோசனையா இருக்குதா? புடிக்கலன்னா சொல்லிடுங்க."

மகளுக்காக ஒரு வாரம் நொண்டினால்தான் என்ன என்று ஈரலை எடுத்து வாயருகே கொண்டுபோனார் விருத்தகிரி. ஆனால் பொய்யோடு சம்பந்தம் பேச மனசு கேட்கவில்லை. ஈரல் துண்டைத் திரும்ப இலையில் வைத்தார்.

"பொண்ணு குடுக்க மனசாரச் சம்மதங்க. இதைத் தின்னத்தான் முடியாது. எனக்கு யூரிக் ஆசிட்டு இருக்குது. மறைச்சிட்டோம், தப்புதாங்க."

கனகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எவ்ளோங்க?" என்றாள் செல்வநாயகி.

"எட்டு புள்ளி ஆறு."

"ப்பூ! இவருக்கு ஒம்பது புள்ளி ரெண்டு!"

எல்லோரும் ராஜமாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தடி சாக்கில் ஈரலை வாய் நிறைய அடைத்திருந்தவர், மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று முழித்தார்.

"சம்பந்திக்குத் துணையா ரெண்டு துண்டு தின்னாத்தான் மரியாதைன்னு சொன்னியே, பாவி மனுஷா!" என்று அவர் இலையை இழுத்துக்கொண்டாள் செல்வநாயகி. பிறகு அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "நாங்களும்தாங்க மறைச்சோம். பொண்ணு வூட்டுக்காரங்க பயந்துடுவாங்கன்னு."

சிரித்துச் சிரித்து விருத்தகிரிக்குத் தொப்பையே வலித்தது.

"மோர்ச்சோறு தின்னா சம்மதத்துல சேருமாங்க?"

"பேஷா சேரும்!"

இரண்டு ஆண்களும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மோர்ச்சோறு சாப்பிட, எதிரே பெண்கள் இருவரும் ஈரல் வறுவலை ஒரு கை பார்த்தார்கள்.

கை கழுவும்போது செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து ஜெயஸ்ரீதான். இவர் வாயைத் திறப்பதற்குள் படபடவென்று கொட்டினாள்.

"அப்பா, ஈரலு வெச்சா தின்னாதப்பா. ராத்திரியெல்லாம் நீ துடிச்சதை நான் பாத்தேன். அவங்க கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும். இந்தச் சம்பந்தம் இல்லன்னாலும் பரவால்ல."

விருத்தகிரிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"மோர்ச்சோறுதாம்மா தின்னேன்" என்றார். "உள்ள நாள் குறிக்கிறாங்க."