கெயுவாவின் வாக்கு

எரிவாயுவைத் திரவமாகும்வரை குளிர்வித்துக் கப்பலேற்றும் முனையம் எங்கள் கரையில் வரப்போகிறது என்றபோது ஊர்ப் பெண்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு நண்டும் சிப்பியும் கொடுப்பது அந்த அலையாத்திக் காடுதான்.

கம்பெனி எங்கள் ஊர்ப் பையன் மொரேயாவை ஊர்த் தொடர்பாளனாக வேலைக்கு எடுத்தது. அவன் எங்களிடம் வரவில்லை. தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்த அக்கா கெயுவாவிடம் போனான்.

"வேலி காட்டுக்கு அந்தப் பக்கம்தான்க்கா. காட்டுக்குள்ள போற கால்வாய் நமக்கே. நீ சொன்னா பொம்பளைங்க கேப்பாங்க."

"நெசமாவாடா?"

"உங்கிட்டயா பொய் சொல்வேன்?"

தேவாலய முற்றத்தில் கெயுவா எழுந்து, கால்வாய் நமக்கே என்று வாக்குக் கொடுத்துப் பேசினாள். "தம்பி ஹெல்மெட் மாட்டினதும் அக்காவுக்குத் தலை கனத்துப்போச்சுடி!" என்று எங்களில் ஒருத்தியான கோனியோ கிண்டலடித்தாள். ஆனாலும் கெயுவா சொன்னதற்காகவே எல்லோரும் கை தூக்கினோம்.

தூர்வாரும் கப்பல்கள் வந்தன. கடலுக்குள் நீளமாக இறங்குதுறை எழுந்தது. ஒருநாள் காலை, கால்வாய் வாயை மறித்து மஞ்சள் மிதவைகள் கிடந்தன.

கெயுவா நேராக முனைய வாசலுக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

"கப்பல் வர்ற இடத்துல பாதுகாப்பு எல்லை வேணும்க்கா," என்றான் மொரேயா. "அது ஆரம்பத்துலயே முடிவானது."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லியிருந்தா நீ பேசியிருப்பியா?"

அவள் திரும்பி நடந்தாள். மறுநாள் தனியாகப் படகெடுத்து மிதவைகளைத் தாண்டிப் போனாள். காவல் படகு விரைந்து வந்தது. அதில் மொரேயாவும் இருந்தான்.

"யாருப்பா இது, உனக்குத் தெரிஞ்சவளா?" என்று காவலாளி கேட்டான்.

"ஊர்க்காரி," என்றான் மொரேயா. கயிற்றை வீசி அவள் படகைக் கட்டியதும் அவன்தான். கரைவரை இழுத்துவந்து விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் முன் நின்று, "உங்களுக்கு வாக்குக் கொடுத்தது என் வாய்," என்று மட்டும் சொன்னாள். சிலர் அழுதோம். கோனியோ வெகுகாலம் அவளோடு பேசவில்லை.

இப்போது நண்டு தேடி நிலமுனையைச் சுற்றித் தொலைவுக்குப் போகிறோம். காற்று எதிர்த்தால் வெறுங்கூடையோடு திரும்புகிறோம்.

கெயுவா மகளின் கல்யாணத்துக்கு மொரேயா நகரத்திலிருந்து கல்யாணச் சீராகப் பெரிய பன்றியோடு வந்து இறங்கினான். அவள் பாய் விரித்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த வாழைக்காயைத் தட்டு நிறைய வைத்தாள்.

"சாப்பிடுங்க," என்றாள். "தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

மொரேயா தட்டைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அடுத்த விருந்தாளியைக் கவனிக்கப் போய்விட்டாள்.