தொப்பிக்குள் இரண்டு சீட்டு

பைக்குள் மூன்று சிவப்பு உருண்டை, இரண்டு வெள்ளை உருண்டை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது வெள்ளையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1934ஆம் வருஷத்து மார்கழியில், வத்தேகமவைச் சுற்றி வீட்டுக்கு வீடு மலேரியாவில் சனங்கள் சுருண்டு கிடந்தபோது, டொரதி மட்டும் கணக்குக் கொப்பிக்குள் உருண்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தை மாதம் மற்றிக்குலேசன் சோதனை. கண்டியில் அவள் படித்த கன்னியர் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு வரைக்கும் வந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவள் ஒருத்திதான். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கணக்கு டீச்சர் லீலாதேவி யாழ்ப்பாணத்துக்காரி. விடுமுறைக்கு முந்திய நாள் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது டொரதிக்கு வரிக்கு வரி மனப்பாடம்.

"ரெண்டும் நடக்க வேணுமெண்டால் பெருக்க வேணும், பிள்ளை. ஆனா ஒண்டு நடந்து முடிஞ்சிட்டால் பிறகு அதைப் பெருக்கக் கூடாது. மிச்சத்தை மட்டும் பார்."

விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாள் அப்பா படுத்துவிட்டார். தோட்டத்து ஸ்டோர் கிளாக்கர் மத்தியாஸ் என்றால் ஆள் தேக்குக் கட்டை. அவரையே காய்ச்சல் ஒரு வாரத்தில் உருக்கிப் போட்டது. அப்போதிக்கரி ராஜலிங்கம் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். கொயினா மருந்தை இன்னொரு வேளை கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"பாதிக்குப் பாதிதாம்மா சொல்லலாம். மாதாவக் கும்பிட்டுக்குங்க."

அம்மா அந்தோனியம்மா அன்றே மாதா படத்துக்கு முன்னால் விழுந்து நேர்ந்துகொண்டாள். புருஷன் எழுந்து உட்கார்ந்தால் இரண்டு பெண்களில் ஒருத்தியைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிடுவது. எவள் என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டு ஆண்டவரே சொல்லட்டும். பெற்ற பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயந்துபோன தாய்க்கு அதெல்லாம் தோன்றவும் தோன்றாது.

அம்மா சொன்னது அநாதை நோயாளிகளைப் பார்க்கும் மடம். அங்கே போனால் படிப்பு அவ்வளவுதான். டொரதி கணக்குப் போட்டாள். அப்பா பிழைக்கப் பாதி. பிழைத்தால் தன் பெயர் வரப் பாதி. பெருக்கினால் நாலில் ஒன்று. நாலில் மூன்று பங்கு தப்பிக்கலாம் என்று ஆறுதலாக மூச்சு விட்டாள். அந்த மூன்றில் இரண்டு பங்கு அப்பாவின் சவப்பெட்டி என்பது, விடைக்குக் கீழே கோடு போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அப்பா கஞ்சி கேட்டார். அம்மா ஓவென்று அழுதாள். அக்கா தெரேசா சிரித்துக்கொண்டே அழுதாள். டொரதியும் அழுதாள்தான். ஆனால் நாசமாய்ப் போன மூளை சும்மா இருந்ததா? ஒன்று நடந்து முடிந்துவிட்டது. இனி அதைப் பெருக்க முடியாது. நாலில் ஒன்று இப்போது இரண்டில் ஒன்று. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் காய்ச்சல் இறங்காமல் இருந்திருக்கலாமே என்று நினைத்துவிட்டாள். அந்த நினைப்புக்காகத் தன்னையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வருஷப் பிறப்பன்று பூசை முடிந்து வந்ததும் சீட்டு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

"டொரதி, நீயே எழுதிக் கொண்டா. ஒனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

சமையலறைக்குப் போய்க் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கினாள். முதல் துண்டில் 'தெரேசா' என்று எழுதினாள். நாவலப்பிட்டி ரயில்வேயில் வேலை செய்யும் மனுவேலுக்கும் அக்காவுக்கும் பாஸ்குத் திருநாள் கழிந்து கல்யாணம் என்று பேச்சு இருந்தது. அது டொரதிக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டாவது துண்டிலும் 'தெரேசா' என்று எழுதினாள். ஆண்டவர் எடுக்காத சீட்டை மனுஷர் பிரித்துப் பார்க்கக் கூடாது, அப்படியே அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் எழுதினாள்.

அப்பாவின் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தெரேசாவிடம் நீட்டினாள். அவள் எழுத்துக் கூட்டித் தன் பெயரை வாசித்தாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"ஆண்டவரு சித்தம்மா" என்றாள். மிச்சச் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். டொரதி கையை நீட்டுவதற்குள் போய்விட்டாள்.

மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்த திங்கட்கிழமை, வத்தேகம ஸ்டேசனில் தெரேசாவை ரயில் ஏற்றினார்கள். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தெரேசா ஜன்னல் வழியே தங்கையை மட்டும் கிட்டே கூப்பிட்டாள்.

"ஒன்னு சொல்றேன், அம்மாகிட்ட சொல்லிறாத. அந்த ரெண்டாவது சீட்ட நான் அடுப்புல போடல. ஓம் பேரப் போயி நெருப்புல போடுறதா? மனசு வரல டொரதி."

டொரதி ஜன்னலுக்கு இன்னும் கிட்டே போனாள். "எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள்.

"செபப் புஸ்தகத்துக்குள்ள. பயப்படாத, பிரிக்கல. மடத்துல கன்னியரா வார்த்தைப்பாடு குடுக்கிற அன்னைக்குத்தான் பிரிப்பேன். ஓம் பேரப் பாத்து ஒனக்காக மொத செபம் சொல்லுவேன். ரெண்டு வருசம் ஆகுமாம்."

கார்ட் இன்னும் விசில் ஊதவில்லை. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லவும், அக்காவின் பெட்டியைக் கீழே இறக்கவும், வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. டொரதி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

விசில் ஊதியது. வண்டி அசைந்தது.

"போயிட்டு வாக்கா" என்றாள்.