வெள்ளிக்கிழமைதோறும் வந்தவன்

ஒன்றோடொன்று கவ்விக்கொண்ட பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காலால் மிதித்துப் பிரித்துக்கொண்டிருந்தார் பெரியவர். வயது எழுபத்தொன்று. உள்ளே செத்துக் கிடப்பது கூடப் பிறந்த தம்பி. ஒத்தாசைக்கு ஒரு கை இல்லை. இந்தக் காலத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவன் இரண்டு நிமிஷம் முகத்தைத் தொங்கப்போடுகிறான். அப்புறம் போனைத் தடவிக்கொண்டே உட்கார இடம் தேடுகிறான்.

"ஒரு நாற்காலிய இழுத்துப் போடத் துப்பில்ல, துக்கம் கேக்க வந்துட்டானுங்க," என்று நாலு பேர் காதில் விழவே சொன்னார்.

தம்பி மகள் வந்து நாற்காலியின் மறுமுனையைப் பிடித்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"பெரியப்பா, நாலு மணிக்குப் பிரார்த்தனை. முடிஞ்சதும் எடுத்துடுவாங்க. அப்பாவப் பத்தி நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும்."

"எனக்கு என்னம்மா பேச வரும்? ஆறாங்கிளாஸ் தாண்டாதவன்."

"அதுக்குப் படிப்பு எதுக்கு? கடவுள் பக்திதான் அப்பாவ அவ்வளவு நல்லவரா ஆக்குச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அவரை முழுசாத் தெரிஞ்சவர் நீங்கதானே?"

முழுசாகத்தான் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் ஒரே அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் நின்றார்கள். அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு. வேலை குவிந்துவிட்டால் எவன் அதைப் பார்க்கிறான்? ஒரு அட்டைத் துண்டை மடித்து ஒரு பட்டனில் செருகிவிட்டால் அது அழுந்தியே கிடக்கும். ஒரு கையால் காகிதத்தைத் தள்ளி, மறு கையால் வெட்டிக்கொண்டே போகலாம். திருட்டுத்தனம்தான். ஆனால் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: செருகினவன் மிஷினை விட்டு நகரும்போது அட்டையைப் பிடுங்கிவிட வேண்டும்.

அன்றைக்குத் தம்பி பிடுங்கவில்லை. பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டான். அடுத்து மிஷினுக்கு வந்த, அங்கே புத்தகம் தைக்கும் பைண்டர் வலது கையால் புத்தகக் கட்டைச் சரிசெய்தபடி இடது கையைப் பட்டன் மேல் சும்மா ஊன்றினார். கத்தி இறங்கிவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

தம்பி மகள் பிறந்து அப்போது எட்டு நாள். முதலாளி கேட்டபோது, "நான்தான் செருகினேன்," என்றார் பெரியவர். வேலை போயிற்று. ஒரு கிடங்கில் காவல்காரனாகப் போய் உட்கார்ந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பதினைந்து வருஷம் சோற்றைப் பங்கு போட்டுத் தின்ற பைண்டர் அவரைப் பார்த்தால் சந்து மாறிப் போனார். அதுதான் பொறுக்கவில்லை.

தம்பியோ அடுத்த வெள்ளிக்கிழமையே பைண்டர் வீட்டுக்குப் போனான். வலது கையில் விரல் இல்லாதவன் இடது கைக்கு நகம் வெட்டிக்கொள்ள முடியாது. அதை வெட்டிவிட்டான். சட்டைக்குப் பட்டன் தைத்தான். கூட உட்கார்ந்து பிரார்த்தனை செய்தான். ஒரு வாரம் தவறவில்லை.

"அவன்கிட்ட சொன்னியாடா?" என்று கேட்பார் பெரியவர்.

"கடவுள்கிட்ட சொல்லிட்டேண்ணே. மன்னிச்சிட்டாரு."

"விரல் போனது கடவுளுக்காடா?"

தம்பி எழுந்து போய்விடுவான். நேற்று மத்தியானம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதுகூட, "பைண்டரைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று காதோரம் குனிந்து கேட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான். பிரார்த்தனைதான். காலையில் போய்விட்டான்.

நாலு மணி ஆகப்போகும்போது பைண்டர் வந்தார். தம்பியின் காலருகே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். விரல் போகக் காரணமானவனுக்கா இந்த அழுகை? இன்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவது. ஆனால் விரல் போனவன் முதலில் கேட்க வேண்டும். கையைப் பிடித்துப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே இழுத்துப் போனார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இஷ்டம்னா கேளு, இல்லன்னா போ."

"அந்த அட்டைதானே?"

பெரியவர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.

"அதுல மூணு மடிப்பு இருந்துச்சு. நீ ரெண்டாத்தான் மடிப்ப. விரல்தான் போச்சு, கத்தி. கண்ணு போகல."

கத்தி என்பது மிஷினாலும் வாயாலும் அச்சகத்தில் பெரியவருக்கு வந்த பட்டப்பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு இருபத்திரண்டு வருஷம்.

"அப்ப அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் தெரியும். இந்த வாரம் சொல்வான், அடுத்த வாரம் சொல்வான்னு பார்த்தேன். வாயத் தொறப்பான். சாமிய வேண்டுவான். மூடிப்பான்."

"நீயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மன்னிச்சிட்டேன்னு சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் அவன் எதுக்கு வரணும்? எம் பொண்டாட்டி போனப்புறம் என் கதவைத் தட்டினவன் அவன் ஒருத்தன்தான்."

"ஏன்டா, நான் தட்டியிருக்க மாட்டேனா?"

"நீயா? எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சா அரை நாள் தாங்குவியா? அவனை நடுத்தெருவுல நிக்க வெச்சிருப்ப." பைண்டர் தரையைப் பார்த்தார். "உன்னைப் பார்த்தா அதான் சந்து மாறிப் போனேன். அது சரின்னு சொல்லல."

பெரியவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது.

"நல்லா இருக்குடா! அவன் சொல்லாம நல்லவன், நீ கேக்காம நல்லவன். நடுவுல நான் ஒருத்தன் அயோக்கியன். எந்தச் சாமி சொல்லிக் குடுத்துச்சு இத?"

"சாமி இல்லன்னா அவன் முதல் மாசத்தோட நின்னிருப்பான்."

"பயத்துல வந்தான்."

"இருபத்திரண்டு வருஷம் பயம் தாங்குமா?"

"ஏன் தாங்காது? நான் கோபத்தத் தாங்கல?"

பைண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடது கையில் நகங்கள் வளர்ந்து, ஓரத்தில் கறுத்திருந்தன. தம்பி படுக்கையில் விழுந்து மூன்று வாரம்.

உள்ளே கூப்பிட்டார்கள். பிரார்த்தனை முடிந்திருந்தது. கூட்டத்தை நடத்தியவர், "பக்தி மனுஷனை எப்படிச் செதுக்கும் என்பதற்கு இவரே சாட்சி," என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். பெரியவர் தம்பியின் தலைமாட்டில் போய் நின்றார். எதிரில் தம்பி மகள், அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி, இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்டையைச் செருமினார்.

"வாராவாரம் போய்ப் பைண்டருக்கு நகம் வெட்டிவிடுவான். அது நான் பார்த்தது. மத்தது எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். இன்னும் பேசுவார் என்று கூட்டம் காத்திருந்தது. பிறகு நடத்தியவர், "பார்த்தீர்களா, இதுதான் பக்தி," என்று ஆரம்பித்தார். சிலர் தலையாட்டினார்கள். தம்பி மகள் விம்மினாள்.

பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து தெருவில் இறங்கினார். தூக்குவதற்கு இன்னும் அரை மணி இருந்தது. வெயில் தணியவில்லை. நாலு வீடு தாண்டியதும் பின்னால் பைண்டர் செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"பயத்துலதான் வந்தான்," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.