விடுபட்டவள்

அக்கா தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. வாலு போர்வைக்குள் அவள் பக்கம் நகர்ந்தாள். சுவரோரம் அம்மா, வலிக்கும் தோளைத் தலையணைமேல் ஏற்றிவைத்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கியே போன தோள்.

“அக்கா, இன்னைக்கு ஆராய்ச்சி மேடம் வந்தாங்க.”

“உன்னைப் பொறந்ததுலேர்ந்து துரத்துறவங்கதானே? வால் எவ்ளோ வளர்ந்திருக்காம்?”

“விளையாடாதக்கா. பயமா இருக்கு.”

வாலு பிறந்த வருடத்துக் குழந்தைகள் சிலரை அந்த மேடத்தின் குழு பின்தொடர்கிறது. எந்த வீட்டுப் பிள்ளை வளர்ந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து உயரம் அளந்து, கேள்வி கேட்டுவிட்டுப் போவார்கள். கீழ்வீட்டில் இருந்த டெய்லர் மகளும் அதில் ஒருத்தி.

“அவளைப் பார்த்தீங்களான்னு கேட்டேன். அவ விடுபட்டுட்டாம்மான்னாங்க. இந்தக் கஷ்டத்துலேர்ந்து தப்பிச்சிட்டான்னு எனக்கு ஒரே சந்தோஷம். எப்படி விடுபட்டா மேடம்னு கேக்குறேன், வீடு மாத்திட்டாங்க, எங்க தேடியும் ஆள் கிடைக்கல, அப்படிப்பட்டவங்களத்தான் விடுபட்டவங்கன்னு சொல்லுவோம்ங்குறாங்க.”

அக்கா சத்தம் வராமல் சிரித்தாள். “லூசு. நம்மள எப்ப வந்தாலும் இதே ரூம்ல புடிச்சிடலாம்.”

“அடுத்த வருஷம் என்ன பண்ணிட்டிருப்பன்னும் கேட்டாங்க. படிச்சிட்டிருப்பேன்னு சொல்லிட்டேன்.”

அக்காவின் சிரிப்பு நின்றது. அம்மாவால் இனி வேலைக்குப் போக முடியாது. அந்த இடத்தை வாலுவுக்குத் தருவதாகச் சொல்லி, நாளைக் காலையே வரச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். அதே சலவைக்கூடத்தில் அக்கா வாங்கும் சம்பளத்தை மட்டும் வைத்து இந்த அறையில்கூட இருக்க முடியாது.

“அம்மா அப்ப எங்க இருந்தா?”

“தனியாப் பேசணும்னாங்க மேடம். அவ எங்க போவா? பாத்ரூமுக்குள்ள நின்னு துணி அலசுனா. அந்தக் கேள்வி வந்ததும் குழாய மூடிட்டா. நான் சொல்லி முடிச்சப்புறம்தான் திறந்தா. அதுலேர்ந்து என்கூடப் பேசவே இல்ல. நான் நாளைக்குப் போகலன்னு நீ சொல்லேன்க்கா. உன் பேச்சக் கேப்பா.”

“நான் போக மாட்டேன்னு அழுதப்ப யாருடி கேட்டா?”

சுவரோரம் பாய் சரசரத்தது.

“நல்லாத்தான் பதில் சொன்ன, கண்ணு.” அம்மாவின் குரலில் தூக்கக் கலக்கமே இல்லை.

வாலு போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“தூங்கு இப்ப. முதல் நாளே லேட்டாப் போனா நல்லா இருக்காது. பெரியவளே, காலையில அவளையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடு.”