பழைய ஆவணப் பிரிவுக்குப் போகும் வழி

“எம் புருஷனை எங்கடி போட்டே?” என்று அக்கா கத்தினாள்.

“போடலக்கா. எடுத்துட்டேன்” என்றாள் தங்கை.

“எடுத்துட்டியா? அவர் என்ன கண்ணுல விழுந்த தூசியா?”

தெருமுனை வரை கேட்ட இந்தச் சண்டைக்குக் காரணம் சின்னதுதான். அன்று காலை பதினோரு மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் பழைய ஆவணப் பிரிவின் கதவு சுவராகிவிட்டது. அக்காவின் கணவர் உள்ளே வேலையில் இருந்தார்.

தங்கை இணையதளம் வடிவமைப்பவள். நகராட்சி இணையதளத்தின் மெனுவில் நாற்பத்து மூன்று தலைப்புகள் இருந்தன. பிறப்புச் சான்றிதழ் தேடி வந்தவர்கள் தெருநாய்ப் புகாரில் போய் முட்டிக்கொண்டார்கள். தலைப்புகளை அட்டைகளில் எழுதிப் பத்துப் பேரிடம் கொடுத்து, எது எதோடு சேரும் என்று அடுக்கச் சொல்வது அந்தத் தொழிலில் முறை. மற்றவை ஏழு தலைப்புகளுக்குள் அடங்கின; எதோடும் சேராத ஒரே ஒரு அட்டையை எடுத்துவிட்டு, அன்று பதினோரு மணிக்குத் தங்கை புது மெனுவை ஏற்றினாள். “பழைய ஆவணமா? இது யாருக்குடி வேணும்?” என்று அந்த அட்டையை முதலில் ஒதுக்கித் தள்ளியது, பத்துப் பேரில் ஒருத்தியான அக்காதான். சண்டையில் அவள் இதைச் சொல்லவில்லை. அக்கா ஆயிற்றே என்று தங்கையும் சொல்லவில்லை. நமக்கென்ன, தெரிந்ததைச் சொல்லிவைப்போம்.

சுவரை இடித்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் வண்டி நிறுத்துமிடம் இருந்தது. போன் செய்தால் மட்டும் அவர் எடுத்து, “வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று எப்போதும் போலவே வைத்தார். எட்டாம் நாள் அந்த எண் உபயோகத்தில் இல்லாமல் போயிற்று.

தலைப்பைத் திரும்பப் போட அனுமதி கேட்டுத் தங்கை தன் மேலாளரிடம் அழாக்குறையாகக் கெஞ்சினாள். “ஏழுதாம்மா. எட்டாவது போட்டா ஜனங்க குழம்பிடுவாங்க” என்றார் அவர். கடைசியில் அவருக்குத் தெரியாமல் அவளால் முடிந்ததைச் செய்தாள். இல்லாத பக்கத்தைத் தேடி வருகிறவர்களை அம்போவென்று விடாமல், கிட்டத்தட்ட அதே மாதிரியான பக்கத்துக்குத் திருப்பிவிடுவது இணையதளக்காரர்கள் வழக்கம். பக்கத்து அறை உரிமப் பிரிவு. அங்கே திருப்பிவிட்டாள். அத்தானுக்கு அருகிலாவது அக்கா போய்ச் சேரட்டும் என்று நினைத்தாள், பாவி.

மறுநாள் சுவரை நோக்கி நடந்த அக்காவின் கால்கள் தாமாக இடப்பக்கம் திரும்பின. உரிமப் பிரிவில் ஒரு பிரம்மச்சாரி எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அதே மாதிரிக் கண்ணாடி, அதே கட்டம் போட்ட சட்டை. வித்தியாசம் ஒன்றுதான்: இவர் நிமிர்ந்து பார்த்து, “உக்காருங்க” என்றார். கணவருக்கென்று கொண்டுபோன சாப்பாட்டை ஒரு வாரம் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தாள். பிறகு டப்பா காலியாக வந்தது.

தங்கை பதறிப்போய்த் திருப்பத்தை எடுத்துவிட்டாள். கால்கள் பழகிவிட்டிருந்தன.

“அக்கா, அது அத்தான் இல்ல.”

“அவரேதாண்டி. கொஞ்சம் உயரம் கூடிட்டார், அவ்வளவுதான். உனக்கென்ன பொறாமை?”

பிள்ளைகள் இரண்டும் ஒரு மாதம் அவரை முறைத்துப் பார்த்தன. அப்புறம் அப்பா என்றன. திருமணச் சான்றிதழ் பழைய ஆவணப் பிரிவோடு போய்விட்டதால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தங்கைதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருடம் அவருக்கு மாற்றல் வந்து, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனார்கள். வழியனுப்பப் போன தங்கை, ரயில் நகரும்வரை பழைய முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஜன்னலில் தெரிந்த முகமே வந்தது.

“அக்காவைப் பாத்துக்குங்க, அத்தான்” என்றாள். நாக்கு இடறவே இல்லை.